பொன்பாடி தாண்டினால் பொட்டு

பொன்பாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்கு ஒரே ஆளாக இருந்த அம்மாவுக்கு,

போன வாரம் மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்தில் நீ நாயனம் வாசித்தாய். நீ இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் வாசித்தாய், மண்டபம் முழுக்கக் கேட்டது. மேஸ்திரியே விரலை உயர்த்தி ஆட்டி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார். வாசிப்பது நீ என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தெரிந்த பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். திருத்தணி முழுக்க ஆளுக்கு ஒரு விதமாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. பி.ஏ. தேறிய சேதியைக்கூட உன்னிடம் அடுப்படியில் நின்று பாதிக் குரலில்தான் சொன்னேன். பேச வராததை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

மேஸ்திரியை நீ மறந்திருக்க மாட்டாய். பவர்லூம் வைத்திருக்கிறவர், கைத்தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துப் புடவையாக வாங்குகிறவர், திருவிழாக் கமிட்டியிலும் இருக்கிறவர். அவருடைய பெரிய பெண் கல்யாணத்துக்கு நம் மேளச் செட்டைத்தான் பேசியிருந்தார். வேறு யாரைப் பேசுவார்? நைனாவும் நீயும் ஜோடி நாயனம், உன் தம்பி, என் மாமா, தவில். ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் காவடிகள் ஏறும்போது முன்னால் நீங்கள் மூவரும் போவீர்கள். படியேறிக்கொண்டே மூச்சு அறாமல் எப்படி வாசிக்கிறார்கள் என்று பக்கத்தில் வருகிறவர்கள் கேட்பார்கள். "புருஷன் பொண்டாட்டி மேளம் வருது, வழி வுடு" என்று கடைக்காரர்கள் கூட்டத்தை விலக்குவார்கள்.

நைனா மாரடைப்பில் போனார். சில மாதம் கழித்து அந்தக் கல்யாணம். நீ வெறும் நெற்றியோடு, நாயனத்தை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மாமாவின் பின்னால் நடந்தாய். உன் பின்னால் நான். மண்டப வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். அவர் உன்னைப் பார்த்துப் பேசவில்லை. மாமாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இன்னாப்பா, மேளம் கூப்ட்டா மூளிய இட்டுகினு வந்து நிக்கிற? எம் பொண்ணு வாழறதா வேணாவா?"

"வாசிப்பு அக்காவோடதுதானேங்க மேஸ்திரி..." என்று மாமா இழுத்தார்.

"இன்னா வாசிப்பு? வேற ஆள வெச்சி ஊது. இல்லனா நீயும் கெளம்பு."

மாமா உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே நடந்தாய். அன்று சாயங்காலம், அங்கே வாசித்து முடித்த மாமா கல்யாண வீட்டுப் பலகாரத்தை ஒரு பொட்டலமாய்க் கட்டி எடுத்து வந்தார். நீ அதைப் பிரிக்கவில்லை. என்னையும் பிரிக்க விடவில்லை. எறும்பு மொய்த்த பிறகு எடுத்துப் போட்டோம்.

மங்கள வாத்தியம் என்கிறார்கள். அதற்குள் போகிற மூச்சு யாருடையது அம்மா? நைனா போன மறுநாள் உன் மூச்சில் என்ன மாறிப்போனது? சுருதி விலகியதா, விரல் தடுமாறியதா? அதே சீவாளி, அதே உதடு, அதே ஆனந்த பைரவி. செத்தது நைனா, தண்டனை உனக்கு. மாமி இறந்தபோது காரியம் முடிந்த கையோடு மாமா தவிலை மாட்டிக்கொண்டு மணவூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார். அவர் நெற்றியை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இந்தக் கணக்கு என்ன கணக்கு என்று எனக்குக் கல்லூரியிலும் யாரும் விளக்கவில்லை.

அதற்குப் பிறகு இந்த ஊரில் உன்னை ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. கோயிலிலும் கூப்பிடவில்லை. வள்ளியைக் கல்யாணம் செய்துகொண்ட முருகன் மலைமேல் இருக்கிறான். அவன் கல்யாண உற்சவத்தில் மேளம் கேட்கும்போது நீ கீழே வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டு இருப்பாய். முறத்தில் தாளம் மட்டும் தப்பாமல் விழும்.

மாமாதான் அந்த யோசனையைச் சொன்னார். ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கமிருந்து செட்டுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் நாயனத்துக்கு ஆர்.கே.பேட்டையில் ஓர் ஆள் கிடைத்தான். முதல் நாயனத்துக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை.

"அங்க நம்மள யாருக்கா தெரியும்? பொன்பாடி செக்போஸ்ட்டு தாண்டினா வேற ஸ்டேட்டு. பஸ்ஸுலயே ஒரு பொட்ட வெச்சிக்கோ" என்றார்.

நீ முறத்தைக் கீழே வைத்தாய். "செக்போஸ்ட்டு தாண்டினா உங்க பாவா எழுந்து வந்துடுவாராடா?"

மாமா நைனாவைப் பாவா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கேட்டாலும் நீ போனாய். விடுமுறை நாளாக இருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டாய்.

பஸ்ஸில் மாமா முன் சீட்டில் தவிலோடு உட்காருவார். பொன்பாடி தாண்டியதும் திரும்பி உன்னைப் பார்த்து, ஒரு விரலால் தன் நெற்றியைத் தொடுவார். நீ சுருக்குப் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுப்பாய். நான் கண்ணாடியைப் பிடிப்பேன். பஸ் குலுங்கும், கண்ணாடியில் உன் முகம் மேலும் கீழும் போகும், ஆனாலும் பொட்டு வட்டமாய் நடுவில் உட்காரும். பிறகு துண்டில் சுற்றி வைத்திருந்த கண்ணாடி வளையலைப் போட்டுக்கொள்வாய். திரும்பி வரும்போது அதே இடத்தில் மாமா மறுபடி நெற்றியைத் தொடுவார். நீ முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைப்பாய். பொட்டை வைக்கும்போது உனக்கு சந்தோஷமா, அவமானமா? துடைக்கும்போது? எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அங்கே நீ எப்படி வாசித்தாய் என்று இந்த ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புத்தூர் கோயிலில் சாமி கல்யாணம். நைனா போன பிறகு உள்ளூரில் எந்தச் சபையிலும் உட்காராத நீ, பட்டுப்புடவையில், நடுவில் உட்கார்ந்தாய். சாமிக்குத் தாலி கட்டும் நேரம் மாமாவின் தவில் பொரிந்து தள்ள, அதன்மேல் உன் நாயனம் ஏறியது. முடிந்ததும் பெண்கள் வரிசையாய் வந்து, சுமங்கலிக்குத் தருகிற மஞ்சளையும் குங்குமத்தையும் "தீஸ்கோம்மா, தீஸ்கோம்மா" என்று உன் கையில் திணித்தார்கள். உன் மடி நிறைந்துவிட்டது. சாமிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷமும் அந்தச் சாமி கல்யாணம் செய்துகொண்டார், அடுத்த வருஷமும் நீதான் வாசித்தாய்.

அன்று அங்கே மைக்செட் போட்டவர் நம் ஊர்க் காதர் பாய். பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். உன் நெற்றியைப் பார்த்தார், பார்க்காத மாதிரி ஒயரை இழுத்துக்கொண்டு போனார். ஊருக்கு வந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டிருக்கிறார். அது உனக்கே தெரியாதோ என்னவோ.

இனி போன வாரத்துக்கு வருகிறேன்.

மேஸ்திரியின் சின்ன மகள் சரோஜாவுக்குக் கல்யாணம். அவளும் நானும் ஒரே ரயிலில் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள். என் கையைப் பிடித்து, "நீ வரலனா நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள். அதனால்தான் அந்த வாசலை மறுபடி மிதித்தேன்.

இந்தத் தடவை மேஸ்திரி காஞ்சிபுரத்திலிருந்து பெரிய செட்டைப் பேசியிருந்தார். அவர்கள் வந்த வண்டி கனகம்மாசத்திரத்தில் நின்றுவிட்டது. முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. மைக்செட் பக்கம் ஓடினார்.

"பாய், கெட்டிமேளம் எதுனா வெச்சிகினு கீறியா?"

"ஒண்ணு கீதுங்க. ஆனா அது..."

"எதுனா போடுய்யா. நேரம் போவுது."

பாய் ஒரு கேசட்டைப் போட்டார். முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எடுப்பதற்கு முன்னால் சீவாளியை உதட்டில் ஒரு தடவை ஈரம் பண்ணிப் பார்ப்பாயே, அந்தச் சின்னச் சத்தம்கூட ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு மாமாவின் தவில். மேஸ்திரி விரலை ஆட்டினார், மண்டபமே விரலை ஆட்டியது, சரோஜா கழுத்தில் தாலி ஏறியது. அழுகை, தும்மல், கெட்ட பேச்சு எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது, அதற்குத்தான் கெட்டிமேளம் என்று நீ சொல்வாய். அதே மண்டப வாசலில் உன்னை மூளி என்று சொன்னபோது அதை அமுக்க ஒரு மேளமும் எழவில்லை.

தாலி கட்டியானதும் மேஸ்திரி முகத்தில் சிரிப்பு வந்தது. "யார்யா பாய் இது? தஞ்சாவூர் ஆளா? இன்னா வாசிப்பு. இவங்களையே கூப்ட்டிருக்கலாம் போல."

பாய் குனிந்து ஒயரைப் பார்த்தார். பிறகு, அவரை அறியாமலே, என்னைப் பார்த்தார். மேஸ்திரியும் என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா" என்றேன்.

"இன்னா?"

"எங்கம்மா வாசிச்சதுங்க. தேசம்மா."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சரோஜாவின் அம்மா தன் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி கெட்டிக்காரர். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வழி ஒன்று கண்டுபிடித்தார்.

"ஆங், தேசம்மா. நல்லா வாசிக்கும். புருஷன்கூட சேந்து வாசிச்சிகினு இருந்துச்சே. உங்க நைனா இருக்க சொல்லோ எடுத்ததுதானே இது?" எல்லோரும் கேட்கிற மாதிரி மறுபடி கேட்டார். "முன்னாடிதானேம்மா எடுத்தது?"

ஆங் என்று சொன்னால் போதும். மண்டபம் மூச்சு விட்டிருக்கும். சரோஜாவின் அம்மா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். எனக்கு சரோஜாவை நினைத்துத்தான் கவலை. அவள் மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அவள் புருஷனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் வார்த்தையால் வந்தது என்பார்கள். ஆனால் நான் ஆங் என்றால், புத்தூரில் மடி நிறைய மஞ்சளோடு உட்கார்ந்திருந்த உன்னை மறுபடி ஒரு தடவை நெற்றியைத் துடைக்கச் சொன்னதாக ஆகாதா?

"அப்புறம்ங்க" என்றேன். "நைனா போன அப்புறம். புத்தூர்ல, சாமி கல்யாணத்துல வாசிச்சது."

"படிச்ச திமிர பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சரோஜாவின் அம்மா அழத் தொடங்கினார். மேஸ்திரி நேரே ஐயரிடம் போனார். காஞ்சிபுரம் செட்டு வந்ததும் நல்ல மேளத்தோடு இன்னொரு தடவை தாலி கட்டினால் தோஷம் போகுமா என்று கேட்டார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

சரோஜா தலையைத் தூக்கி மேஸ்திரியைப் பார்த்தாள். "நைனா, கட்டுனது கட்டுனதுதான். இன்னொருவாட்டி கட்டணும்னா மொதல்ல இவரு செத்துப் பொழச்சி வரணும்."

மாப்பிள்ளை திடுக்கிட்டு, "எனக்கு அதுல இஷ்டம் இல்லீங்க மாமா" என்றார். அவருடைய கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். ஐயர் பஞ்சாங்கத்தை மூடினார்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். போகச் சொன்னார்கள் என்பதுதான் உண்மை.

இரண்டாவது தாலி கட்டவில்லை. ஆனால் மேஸ்திரி சும்மா இருப்பாரா? இந்த ஆடிக் கிருத்திகைக்கு மாமாவின் செட்டு வேண்டாம் என்று கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நேற்று மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"நீ போயி மேஸ்திரிய பாரு. ஞாபகப் பிசகா சொல்ட்டேங்க, முன்னாடி எடுத்ததுதான்னு சொல்லு. ஒரு வார்த்த. உங்கம்மாவே இருந்தா அதத்தான் சொல்லுவா."

நீ சொல்வாயாம். அன்று மண்டபத்திலிருந்து நீ ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்து வந்த தெரு அவருக்கு மறந்துபோயிற்று. நான் அவர் முகத்தைப் பார்த்து, ஒரு விரலால் என் நெற்றியைத் தொட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தொடுவது போலவே.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்கம்மாவுக்கு இருந்த அதே அழுத்தம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"அந்த டேப்பு பாய்கிட்ட இன்னொண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார்.

இன்று காலை பாய் கடைக்குப் போய் எனக்கொன்றும் மாமாவுக்கொன்றும் பதியக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் வாசிப்பு மட்டும் மங்களமாய் இருக்க வேண்டும், நீ இருக்கக்கூடாது என்கிறவர்களோடு எனக்கு இனி சமாதானம் இல்லை அம்மா. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடமும் முதலில் இதைச் சொல்வேன். என் கழுத்தில் தாலி ஏறும்போது வாசிக்கப்போவது நீதான். எப்போது வாசித்தது என்று யார் கேட்டாலும் "அப்புறம்" என்பேன். பொன்பாடி தாண்டிப் போய் அல்ல, இந்த ஊரில், அந்த மண்டபத்து வாசலில் நின்று சொல்வேன்.

குலுங்கும் பஸ்ஸில் உனக்குக் கண்ணாடி பிடித்த உன் மகள்,
மஞ்சுளா