கலந்துபோன தோட்டாக் கூடுகள்

மே 12
இன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள்: நான், என் மகள் கோர்லிஸ், அவள் புருஷன் வெண்டல், பக்கத்துப் பண்ணை ஆரின். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது, அதற்குத்தான் எழுதிவைக்கிறேன்.

வெண்டல் எனக்கு ஒத்தாசை பண்ணினானாம். மறுபடி மருந்து அடைத்துச் சுட வைத்திருந்த தோட்டாக் கூடுகளைக் குளிர்காலம் முழுக்க எடை பார்த்து, எத்தனை முறை சுட்டது என்று அடியில் மை வைத்து, தனித்தனி டப்பாவில் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டான். மை போச்சு. தங்கமாட்டம் மின்னுது. மின்னி என்ன பண்ண?

"ஒரே கரியா இருந்துச்சு, அத்தை."

"உன் மூளையையும் அதுலயே போட்டுக் கழுவியிருக்கலாம்ல?"

கோர்லிஸ் வெளியே போய்விட்டாள். ஆரினுக்குச் சிரிப்பு. "இந்தத் தடவ பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாரு, இடெல்லா." போன வருஷமும் அதற்கு முந்தியும் என்னை ஜெயித்தவன். சனிக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டி.

மே 13
கூடு எடையிலோ வயதிலோ ஒன்றுக்கொன்று மாறினால் ஒரு குண்டு மேலே போகும், ஒன்று கீழே. அறுநூறு கஜத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். தராசை எடுத்தேன்.

மே 14
எடைவாரியாகப் பிரித்தாயிற்று. பழசு எது, புதுசு எது? வெடிமருந்து போட்டுக் குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும்போது பழைய கூடு முரண்டு பிடிக்கும். அது என் கைக்குத் தெரியாதா? முரண்டினதையெல்லாம் ஒதுக்கினேன். வெண்டல் காபி ஊற்றிக்கொண்டே இருந்தான்.

மே 15
தேறிவிட்டது. போட்டிக்குப் போதும்.

மே 16
ஐந்து குண்டும் யாருக்கு நெருக்கமாக விழுகிறதோ அவருக்குத்தான் கோப்பை. என் ஐந்தும் ஒரு ஜாம் பாட்டில் மூடி அகலத்துக்குள்! அதுவும் இந்த மொன்டானாக் காற்றில்! வெண்டல் கத்தின கத்தலில் நடுவர் அவனை அதட்டினார்.

ஆரின் நாலு சுட்டான். அவனுடையதும் நெருக்கம்தான். ஐந்தாவதைச் சுடாமல் துப்பாக்கியைப் பைக்குள் வைத்தான். ஐந்து இல்லாவிட்டால் கணக்கில் வராது.

"மருமகன் பண்ணின கூத்துக்குக் கோப்பைய நீயே எடுத்துக்கோ இடெல்லா. வயசான காலத்துல ஒரு சந்தோஷம்."

"சுடுடா அதை!"

"நேரம் முடிஞ்சிருச்சு."

கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

மே 17
கோப்பையை ஆரின் டிராக்டர் இருக்கையில் வைத்துவிட்டு வந்தேன். இலக்கு அட்டையைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்தேன். அது என்னுடையது.

வெண்டல் தெரியாமல் செய்தான், போகட்டும். மத்தியானம் அவன் தட்டில் மான்கறி கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன்.

ஆனால் அந்த ஐந்தாவதைச் சுட்டிருந்தாலும் நான்தான் ஜெயித்திருப்பேன் — இனி அதை எங்கே போய் நிரூபிக்க? தெரிந்தே அதைத் தட்டிப் பறித்தவனை நான் சாகிறவரை மன்னிக்க மாட்டேன். ஆரின் ஸ்காக்ஸ்.