எண்ணாமல் விட்ட பந்துகள்

ஞாயிறு இரவு, ஓல்போர்க், டென்மார்க்

மகளின் முழங்கை வீங்கியிருக்கிறது. ஒன்றுமில்லை என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

இன்றைய பேஸ்பால் ஆட்டத்தில் அவள்தான் பிட்சர், பந்து எறிபவள். அவள் எறியும் பந்துகளை எண்ணுவது என் பொறுப்பு. ஒவ்வொரு பந்துக்கும் கையிலிருக்கும் கருவியை ஒருதடவை அழுத்த வேண்டும். எண்பது வந்தால், கை கெடாமலிருக்க அவளை மாற்றிவிடுவார்கள்.

பக்கத்தில், ஆட்டம் பார்க்க வந்திருந்த ரவி அண்ணை. "அந்தக் காலத்துப் பிட்சர்மார் முழு ஆட்டமும் தனிய எறிஞ்சவை. இப்பத்தைய ஆக்களுக்குப் பாதியிலயே கை நோகுது" என்றார்.

நான் விடவில்லை. "அவை மெதுவா எறிஞ்சவை அண்ணை. இப்ப ஒவ்வொரு பந்தும் முழு வேகம். எந்தக் கை தாங்கும்?"

வாதம் முடிந்து குனிந்து பார்த்தேன். கருவியில் நாற்பத்தொன்று. முந்தைய இன்னிங்ஸ் முடிந்தபோதும் அதே நாற்பத்தொன்றுதான்.

பயிற்சியாளர் வந்து எத்தனை என்று கேட்டார். எண்ணாமல் விட்டதை ரவி அண்ணைக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பத்தொன்று என்றேன். அவள் கடைசிவரை எறிந்தாள்.

காலை எட்டு மணிக்கு வைத்தியருக்கு போன் எடுக்க வேண்டும். "எத்தனை பந்து எறிஞ்சவள் எண்டு கேட்பினம். எழுதி வையுங்கோ" என்று மனைவி ஒரு தாளைத் தந்துவிட்டுப் போனாள்.

எண்பது என்று எழுதினேன். பிறகு வெட்டினேன். சரியான எண் எனக்கே தெரியாது.