தினமும் ஆயுத பூஜை

ஜனவரி 8, புதன்

காலையிலேயே வயிற்றெரிச்சல். ஸ்டாஃப் ரூமில் எங்கள் புள்ளியியல் துறைத் தலைவர் முத்துக்கிருஷ்ணன் சார், மூன்றாம் ஆண்டு மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். புள்ளியியல் கணக்குப் போடும் 'ஆர்' மென்பொருளில் அடிக்க வேண்டிய கட்டளைகளைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். கீழே கட்டம் போட்டு விடை. அந்த விடையும் போன வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதியது. கணினி என்ன பதில் சொல்லும் என்பதைக் கணினியைத் தொடாமலே எழுதி முடித்துவிட்டார்கள்.

"சார், லேப்ல ஆர் மென்பொருளே இல்லையே?"

"பாடத்துல இருக்கு, நோட்டுல இருக்கு, மார்க்குல இருக்கு. லேப்ல இல்லாட்டி என்னம்மா? வருசா வருசம் நூத்துக்கு நூறு பாஸ். நீ வந்து ஒரு வருசம் ஆகல, மாரிசெல்வி. அதுவும் தற்காலிகம்."

தற்காலிகம். அந்தச் சொல்லை எப்படி இழுத்துச் சொல்கிறார்.

போன வருஷம் இங்கே படித்த ஒரு பெண் சென்னைக்கு நேர்காணலுக்குப் போனாள். ஆர் தாளில் அவள்தான் முதல் மார்க். கணினி முன்னால் உட்காரவைத்து, "திறந்து ஒரு கணக்குப் போடுங்க" என்றிருக்கிறார்கள். எதைத் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மார்க் ஷீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்களாம். ஊருக்கு வந்ததும் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் லேபிள் ஒட்டப் போய்விட்டாள்.

இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அப்படி நடக்க விடமாட்டேன். மார்ச் கடைசியில் செய்முறைத் தேர்வு. அதற்குள் லேப்பில் ஆர் ஓடவேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

லேப்பைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பழைய விண்டோஸ், முப்பத்திரண்டு பிட். இப்போது வரும் ஆர் அதில் ஏறவே ஏறாது. பொங்கலே வரப்போகிறது, எல்லாத் திரையிலும் இன்னும் சரஸ்வதி படமும் 'ஆயுத பூஜை வாழ்த்துகள்' என்ற எழுத்தும். அதைக்கூட மாற்ற ஆளில்லை. லேப் பொறுப்பாளர் காளீஸ்வரன் மரியாதையாக நாற்காலி துடைத்துக் கொடுத்தார்.

"உக்காருங்க மேடம். எதையும் மாத்தாம பாத்துக்கோங்க."

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முழுக்க இதிலேயே போனது. முப்பத்திரண்டு பிட்டில் ஏறும் கடைசிப் பதிப்பைத் தேடிப் பிடித்தேன். லேப்பில் இணையம் கிடையாது. அதனால் ஆரோடு சேர்க்க வேண்டிய துணைத் தொகுப்புகளை வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனேன். ஒன்றைப் போட்டால் அது இன்னொன்று எங்கே என்று கேட்கிறது, அதைப் போட்டால் அது மூன்றாவதைக் கேட்கிறது. கல்யாண வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் குடும்பத்தோடு வருகிற மாதிரி. சாயங்காலத்துக்குள் எல்லாக் கணினியிலும் போட்டு முடித்தேன். இடுப்பு ஒடிந்தது. சந்தோஷம்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

காணோம். ஒரு கணினியில்கூட இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போய் நின்றேன், "எங்க மிஸ்?" என்று கேட்டார்கள்.

"சேவ் பண்ணாம விட்டிருப்பீக மேடம்," என்கிறார் காளீஸ்வரன்.

சேவ் பண்ணலையாம். மென்பொருளைப் போட்டதை யாராவது சேவ் பண்ணுவாங்களா? எனக்கே சொல்லித் தர்றாரு. முத்துக்கிருஷ்ணன் சார் வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 23, வியாழன்

நேற்று ஒரு வரிசைக்கு மட்டும் மறுபடி போட்டேன். இன்று மறுபடி காணோம். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். யார் என்று தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

விண்டோஸ் கழுத்தறுத்தால் என்ன, மூலையில் உறைபோட்டு ஆப்பிளின் மேக் கணினிகள் இருக்கின்றனவே. எங்கள் கல்லூரிச் செயலாளர் சீனிவாசகம் ஐயாவின் அச்சகத்தில் டிசைன் செய்யும் கணினிகள் அவை. காலண்டர் சீசன் முடிந்ததும் இங்கே கொண்டுவந்து வைத்து 'ஆப்பிள் ஆய்வகம்' என்று போர்டும் மாட்டியிருக்கிறார்கள். மாணவிகள் யாரும் தொட்டதில்லை.

அதிலும் இரண்டு ஜாதி. உள்ளே பழைய சிப் இருப்பதற்கு ஒரு ஆர், புதிய சிப் இருப்பதற்கு வேறு ஆர். மாற்றிப் போட்டால் எடுத்துக்கொள்ளாது. நிர்வாகி பாஸ்வேர்டு அச்சகத்தில்தான் இருக்கிறது என்றார்கள். போய்க் கட்டிங் மெஷின் சத்தத்தில் அரை நாள் காத்துக்கிடந்து வாங்கிவந்தேன்.

ஓடியது. முதல் வரைபடம் திரையில் வந்ததும் பாண்டிலட்சுமி எழுந்தே நின்றுவிட்டாள். "இத நானா மிஸ் போட்டேன்?" என்று கேட்டாள். நீதான் புள்ள.

பிப்ரவரி 6, வியாழன்

பாண்டிலட்சுமி தன் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அதில் விண்டோஸோடு லினக்ஸும் உண்டு. இதுவரை யாரும் திறக்காத பக்கம். இங்கே துணைத் தொகுப்புகள் தயாராக வருவதில்லை, அந்த லேப்டாப்பே ஒவ்வொன்றையும் மூல நிரலிலிருந்து கட்டி எழுப்புகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கியது, கல்லூரி விடும் வரை ஓடியது. சூட்டில் லேப்டாப்பைத் தொட முடியவில்லை. ஆனால் வந்தது.

அவள் தன் தெருவில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய விவரம் வைத்திருக்கிறாள். யார் யாருக்கு மூச்சுத்திணறல், எத்தனை வருஷமாகப் பட்டாசு மருந்து அறையில் வேலை. ஊர்ப் பெயர்கள் தமிழில். லினக்ஸில் 'நாரணாபுரம்' என்று அழகாக வந்தது. லேப் விண்டோஸில் அன்றன்றைக்கு ஆரைப் போட்டுப் பார்த்தால் அதே பெயர் கொக்கியும் எண்ணுமாக வருகிறது. நாரணாபுரம் என் ஊரும்தான். அந்தக் கணினிக்கு என் ஊர்ப் பெயர் எழுத வரவில்லை, கோபத்தில் அணைத்துவிட்டேன். அணைத்தது தப்பு, அடித்ததை சேவ் பண்ணவில்லை, போயிற்று.

பிப்ரவரி 12, புதன்

ஆப்பிள் ஆய்வகம் காலி. காலையில் லோடு ஆட்டோ வந்து மேக் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. நோட்டு அட்டை சீசனாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அடித்துக் கொடுக்க வேண்டுமாம். போர்டு மட்டும் இருக்கிறது.

பிள்ளைகள் படிக்கிற இடமா, அச்சகத்து குடோனா இது? வாய்விட்டுக் கேட்டேன். காலி மேசைதான் கேட்டுக்கொண்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சரஸ்வதி படம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது. நேற்று ஒரே ஒரு கணினியில் அதை எடுத்துவிட்டு வெறும் நீலத் திரை வைத்தேன். இன்று காலை மறுபடி சரஸ்வதி, மறுபடி ஆயுத பூஜை வாழ்த்துகள்.

யாரும் அழிக்கவில்லை. கணினிகளையே அந்த நாளில் உறைய வைத்திருக்கிறார்கள். அணைத்துப் போட்டால் இடையில் நடந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஆயுத பூஜைக்கே திரும்பிவிடும்.

காளீஸ்வரனைக் கேட்டேன். கேட்டேன் என்றால் கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"செக்ரட்டரி ஐயா உத்தரவு மேடம். பூசை போட்ட அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னாக. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னும் சொல்லிட்டாக. பாஸ்வேர்டு எங்கிட்டதான் இருக்கு. ஐயா சொல்லாம திறந்தா என் வேலை போயிரும்."

"நான் இடுப்பொடியப் போட்டப்ப பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"நாற்காலி துடைச்சுக் கொடுத்தேன்ல மேடம்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

செயலாளரைப் பார்த்தேன். தொழில் செய்கிற வீட்டு மனிதர், மரியாதைக்குக் குறைவில்லை. "உக்காருங்கம்மா. சாப்பிட்டீகளா?" என்று கேட்டு டீ வரவழைத்தார். டீ கொடுத்தே ஆளை அனுப்புகிற கலை.

"முன்னாடி கண்டதையும் போட்டுத் தினம் ஒரு ரிப்பேரும்மா. சரஸ்வதிய வச்சுக் கும்புட்டு அப்படியே நிறுத்துனதுக்கப்புறம் ஒரு மெஷின் மக்கர் பண்ணல. அதப் போய் ஏன் கலைக்கணும்? அதுவும் நீங்க சொல்றது ஓசில கிடைக்கிற சாமான். ஓசில வர்றது என்னத்துக்கு ஆகும்?"

உலகமெல்லாம் ஆராய்ச்சிக்கு இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து செய்து எல்லோருக்கும் கொடுப்பதால் விலை இல்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, "அடுத்த ஆயுத பூசைக்குத் திறப்போம்ல, அப்ப போட்டுக்கோங்க," என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு என் பிள்ளைகள் இந்தக் கல்லூரியிலேயே இருக்கமாட்டார்கள். எந்தக் கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டு இருப்பார்களோ.

பிப்ரவரி 18, செவ்வாய்

அம்மா பட்டாசு கம்பெனி வேலை முடிந்து கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். "அம்புட்டுப் பேரும் சும்மா இருக்காக, நீ மட்டும் ஏன்டி துள்ளுத? உள்ள வேலைய விட்டுறாத," என்றாள். அம்மாவோடும் சண்டை. சாப்பிடவில்லை.

மார்ச் 5, புதன்

செயலாளருக்கு என் நியாயம் புரியாது. சரி, அவருடைய நியாயத்தையே பேசுவோம் என்று தோன்றியது.

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டர் அவருடைய அச்சகம் அடித்ததுதான். வருகிற திங்கள்கிழமைத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். சுபமுகூர்த்த நாள். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், எல்லாம் அவர் வீட்டு மையில்.

"புதுசா ஒண்ணு உள்ள போகுதுன்னா பூஜை போட்டுத்தான் போகணும், ஒத்துக்கிறேன் ஐயா. ஆயுத பூஜைதான்னு ஏன் இருக்கணும்? முகூர்த்த நாள்ல போடலாம்னு உங்க காலண்டரே சொல்லுதே. திறந்து, பூஜை போட்டு, அன்னைக்கே மறுபடி உறைய வச்சு நிறுத்திருவோம்."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த நாள் சரியில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? ஊரெல்லாம் அதைப் பார்த்துத்தானே கல்யாணம் வைக்கிறது.

"முத்துக்கிருஷ்ணன் சார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்றார். "பூசை இல்லாம மட்டும் யாரும் திறக்கக் கூடாது. காளீஸ்வரன்ட்டயும் சொல்லிருதேன்."

ஒரு மென்பொருள் போட முகூர்த்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெயித்த பிறகும் கோபம் தீரவில்லை.

மார்ச் 10, திங்கள்

காளீஸ்வரன் குளித்து விபூதி பூசி வந்து பாஸ்வேர்டு அடித்தார். பிள்ளைகளே ஆளுக்கொரு கணினியில் ஆர் போட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தமிழ்ப் பெயர்கள்தான் சரியாகவில்லை, அந்த விண்டோஸில் அது முடியாது. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டோம். அந்த ஒன்றில் தோற்றேன்.

ஒவ்வொரு விசைப்பலகைக்கும் சந்தனப் பொட்டு. எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். பாண்டிலட்சுமி எல்லோரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தாள். எடுத்ததைச் சரஸ்வதிக்குப் பதிலாக எல்லாத் திரையிலும் வைத்துவிட்டு, "அந்தச் சரஸ்வதி எத்தனை மாசமா மிஸ் நிப்பா, கால் வலிக்காதா?" என்கிறாள். காளீஸ்வரன் தயங்கினார், பிறகு சிரித்துவிட்டார். எமகண்டம் தொடங்கும் முன் போட்டோ வரைக்கும் முடித்திருந்தோம், ஆனால் மறுபடி உறைய வைப்பதற்கு நல்ல நேரம் வரட்டும் என்று மதியம் வரை உட்காரவைத்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கிறது.

மார்ச் 26, புதன்

தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா ரெக்கார்டு நோட்டை மூடி வைத்துவிட்டு, "போட்டுக் காட்டுங்க" என்றார். போட்டுக் காட்டினார்கள். காற்புள்ளியை விட்டுவிட்டுத் திணறினார்கள், பிழைச் செய்தியைப் படித்தார்கள், திருத்தினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே போட்டாள். இரண்டு பேருக்குக் கடைசிவரை வரவில்லை. பாண்டிலட்சுமி மூச்சுத்திணறல் கணக்கைப் போட்டு, தேர்வாளர் கேட்ட எல்லாவற்றுக்கும் நிமிர்ந்து பதில் சொன்னாள்.

பொய் விடை ஒன்றுகூட இல்லை.

மே 30, வெள்ளி

போய்விட்டது. வரும் கல்வியாண்டுக்கு நான் தேவையில்லையாம். அந்த இரண்டு பேர் தேறவில்லை. மற்றவர்களுக்கும் எண்பது, எழுபது. வாசலில் வருஷா வருஷம் கட்டும் 'நூறு சதவீதம்' பேனரைக் கட்ட முடியவில்லை.

"உன்னாலதாம்மா," என்றார் முத்துக்கிருஷ்ணன் சார். "நோட்ட வச்சு நடத்தியிருந்தா அந்த ரெண்டும் பாஸ்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவிட்டது குற்றமா? தெரியாமலே மார்க் வாங்கிக் கொடுத்து சென்னைக்கு அனுப்பி அவமானப்பட வைத்தவருக்குப் பெயர் துறைத்தலைவர். அந்த ரெண்டு பேருக்கும் வீட்டுல வச்சு நான் சொல்லித் தர்றேன், மறுதேர்வுல பாஸ் பண்ணுவாங்க. அதையும் சொல்லிட்டுத்தான் வந்தேன். போதும்.

அம்மா சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்.

ஜூலை 10, வியாழன்

பாண்டிலட்சுமி மதுரையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. தேறாத அந்த இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து அவள் அண்ணனின் லேப்டாப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது காளீஸ்வரன் போனில் வந்தார்.

"நல்லாருக்கீகளா மேடம்? ஒரு சங்கதி. முத்துக்கிருஷ்ணன் சார் நேத்து லேப்புக்கு வந்து, உங்க ஆர் அம்புட்டையும் அவரே உக்காந்து அழிச்சாரு. இந்த வருசம் பழையபடி நோட்டுதானாம். மத்தியானம் பூரா அழிச்சாரு. நான் நாற்காலி துடைச்சுக் கொடுத்தேன்."

"அம்புட்டுமா?" என்றேன்.

"இன்னிக்குக் காலையில போட்டா எல்லாம் வந்து நிக்கி மேடம். பாஸ்வேர்டக் கொடுய்யான்னாரு. பூசை இல்லாம திறக்கக் கூடாதுன்னு செக்ரட்டரி ஐயா உத்தரவு சார், ஆயுத பூசை வரட்டும்னுட்டேன். புதுசா வந்த பிள்ளைக அதுல போட்டுப் பாக்க ஆரம்பிச்சிருச்சுக."

திரையில் அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்காம எங்க போகும்? சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழம், பின்னால கையக் கட்டிக்கிட்டு நீங்க. தினமும் காலையில எல்லா மெசின்லயும் வந்துருதீக மேடம்."

"என்ன மிஸ்?" என்று பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ஒன்றுமில்லை, அடுத்த கணக்கைப் போடுங்க என்றேன்.