தேங்காய்கள் பறந்த காலை

அப்பா,

இன்று மாலை பாப்பா படியில் தடுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அலமாரியைத் துழாவினேன். நீங்கள் வாங்கி வைத்த சிவப்பு சோப்பு ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. தண்ணீர் பட்டதும் அந்த மருந்து வாசனை குப்பென்று எழுந்தது. அவள் காலில் இருந்தது ஒரு துளி ரத்தம். எனக்கோ குளியலறைத் தரை முழுக்க ரத்தமாகத் தெரிந்தது. "அம்மா, நீ எதுக்கு அழற? எனக்கல்லே வலிக்குது?" என்று கேட்கிறாள் உங்கள் பேத்தி.

நீங்கள் போனதிலிருந்து எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டு, ரொம்பத் தாமதமாக இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு இரண்டு வயது நிறைந்தபோது, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தே ஆக வேண்டும் என்று நச்சரித்தீர்கள். கூட்டம், கிருமி, மழை, வண்டிப் புகை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். "ஆரியசாலையில நம்ம கடை மொளகா மூட்டைக்கு நடுவுல தும்மித் தும்மி வளர்ந்தவ நீ. உனக்கு ஒண்ணும் ஆகல்லல்லோ. கிளம்பு. பிள்ளைக்கு நான் உடுப்பு போடறேன்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அவள் அப்பா மஸ்கட்டில். இங்கே எதுவானாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனால்கூட ஈரத் துணியால் துடைக்கிற தாய் நான். அதைச் சொல்லி நீங்கள் சிரிக்காத நாள் இல்லை.

கோயிலுக்கு எதிர்ப்புறம், கையில் தேங்காயோடு நிறையப் பேர் காத்திருந்தார்கள். நீங்கள் தேங்காய்க் கடையில் ஒவ்வொரு காயாகக் காதருகே ஆட்டிப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி வைத்துக்கொண்டிருந்தீர்கள். "பெண்ணு பார்க்கவா வந்திருக்கு, ஸ்வாமி?" என்று கடைக்காரர் கேட்டார். கொஞ்சம் தள்ளி, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியிலிருந்து இரண்டு நாய்கள் கடித்துப் புரண்டபடி வெளியே வந்தன. பின்னால் இன்னும் நாலைந்து. உருண்டு வந்ததில் ஒன்று உங்கள் காலில் மோதியது. நீங்கள் குடையால் தள்ளினீர்கள். அவ்வளவுதான். தங்கள் சண்டையை அப்படியே விட்டுவிட்டு எல்லாம் உங்கள் மேல் திரும்பின.

முதலில் வேட்டியைப் பிடித்து இழுத்தன. அது காலைச் சுற்றிக்கொள்ள, நீங்கள் பக்கவாட்டில் விழுந்தீர்கள். விழுந்த பிறகு அவற்றுக்குப் பயமே இல்லாமல் போய்விட்டது. ஒரு பழுப்பு நாய் உங்கள் கெண்டைக்காலைக் கவ்வி, துணியை உதறுவதுபோலத் தலையை ஆட்டியது. சதை கிழிகிற சத்தத்தை நான் கேட்டேன். "பாப்பாவைத் தூக்கிட்டு ஓடு" என்று நீங்கள் கத்தினீர்கள். உங்களைக் கடித்துக்கொண்டிருந்த நாய்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கத்தினீர்கள்.

நான் ஓடவில்லை. பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண்ணின் கையில் பாப்பாவைத் திணித்தேன். யார், என்ன, எதுவும் பார்க்கவில்லை. பாப்பாவின் எவர்சில்வர் தண்ணீர்க் குப்பி என் தோளில் தொங்கியது. அதன் வாரைப் பிடித்துச் சுழற்றி அந்தப் பழுப்பு நாயின் மண்டையில் அடித்தேன். மறுபடி அடித்தேன். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தவளையை அறுக்கப் பயந்து கத்தியைத் தோழியிடம் கொடுத்தவள் நான். அன்று எலும்பில் குப்பி மோதுகிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. இன்னொன்று என் மணிக்கட்டைக் கவ்வியது. வலி தெரியவில்லை.

அப்போதுதான் முதல் தேங்காய் பறந்து வந்தது. எறிந்தவர் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர். அதுவரை காயை நெஞ்சோடு அணைத்தபடி கண்மூடி நின்றவர். "எறியெடா!" என்று யாரோ அலற, வரிசையே எறியத் தொடங்கியது. யாரோ நேர்ந்துகொண்ட பரீட்சை, யாரோ நேர்ந்துகொண்ட விசா, யாரோ நேர்ந்துகொண்ட ஆபரேஷன், எல்லாம் குண்டு குண்டாக வந்து நாய்களின் விலாவிலும் ரோட்டிலும் வெடித்தன. ஒன்று உங்கள் தோளில் விழுந்து எலும்பை முறித்தது. நீலச் சட்டை போட்ட சுமைத் தொழிலாளி ஒருவர் பழுப்பு நாயின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கித் தரையில் அறைந்தார். அது ஒரு முறை இழுத்துக்கொண்டு அடங்கியது. மற்றவை சிதறி ஓடின. ரோட்டில் தேங்காய்த் தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து ஓடி, வெள்ளைச் சில்லெல்லாம் சிவந்துபோயிற்று.

பூக்காரம்மா தன் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்தார். ஒருவர் கடையிலிருந்து சிவப்பு சோப்பு எடுத்துவந்து உங்கள் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் தீரத் தீர இன்னொருவர் குடத்தோடு வந்தார். டீக்கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டி, "முளகுபொடி வெச்சா விஷம் ஏறாது சாரே" என்றார். பல்லைக் கடித்துக் கிடந்த நீங்கள் தலையைத் தூக்கினீர்கள். "ஆயுசு பூரா மொளகா வித்தவன்டா நான். அதை என் கால்லயே வச்சா, நாயை விட்டுட்டு உன்னைக் கடிப்பேன்!" டப்பா பின்வாங்கியது.

துண்டால் காலை இறுக்கிக் கட்டி உங்களை ஓர் ஆட்டோவில் ஏற்றினார்கள். நானும் ஏறக் காலை வைத்தேன். இடுப்பு லேசாக இருந்தது.

"பாப்பா!"

நான் போட்ட கூச்சலில் எல்லாரும் திரும்பினார்கள். "எந்தப் பெண்ணு? என்ன நிறத்தில் சேலை?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. முகமும் தெரியவில்லை. துடைப்பம் ஒன்றுதான் நினைவில் இருந்தது. அந்தத் துடைப்பம் நடைபாதையில் கிடந்தது. பிள்ளை பிடிக்கிறவள் என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. உங்களைக் காப்பாற்றிய கைகளில் ரத்தச் சூடு இன்னும் ஆறவில்லை. "தோ, அந்தப் பாத்திரக் கடைக்குள்ள போய் ஷட்டரை இழுத்துவிட்டா" என்று ஒருவன் கை காட்டினான்.

ஷட்டரை உதைத்தார்கள். குத்தினார்கள். எஞ்சியிருந்த தேங்காய்களை அதன்மேல் எறிந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே பாப்பா வீரிட்டாள். ஒருவன் எங்கிருந்தோ கம்பியோடு வந்துவிட்டான். "பொளிக்கெடா, உடை! வெளிய வரட்டும், இன்னைக்கு அவளை விடக்கூடாது." நாய்களின் முகத்தில் பார்த்ததை நான் அந்த முகங்களிலும் பார்த்தேன், அப்பா. திறந்தால் அவளைக் கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது. திறக்காவிட்டால் என் குழந்தை உள்ளே. ஆட்டோவில் நீங்கள் கட்டிய துண்டையும் மீறி ரத்தம் சொட்டிக்கொண்டு.

உள்ளிருந்து அவள் கத்தினாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. "போங்கலே! வெளிய நாயும் கத்துது, மனுசனும் கத்துதான். பெத்தவ வராம தொறக்க மாட்டேன்!"

"நான்தான் அம்மா!" என்றேன். கத்திக் கத்தி என் தொண்டை ஆண்பிள்ளைத் தொண்டையாகிவிட்டிருந்தது.

"ஒனக்கு முந்தி ரெண்டு பேரு, என்னைத் தொறக்க வைக்கதுக்கு, அப்படித்தான் சொன்னாவ. பிள்ளைக்கு என்ன அடையாளம்? சொல்லு!"

பாப்பா உடம்பில் இருக்கிற ஒவ்வொரு மச்சமும் எனக்குத் தெரியும். அன்று வாயில் ஒன்றும் வரவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "அம்மா, ஆளு வெளிறிப்போறாரு, நான் வண்டியை எடுக்கட்டே?"

"பாப்பா வராம வண்டி நகரக்கூடாது" என்றீர்கள். பிறகு முறியாத கையால் ஆட்டோவின் கம்பியைப் பிடித்து எழுந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினீர்கள். "அம்மா தாயே! பிள்ளையோட ஜட்டியைப் பாரு! உள்பக்கம் வெளியில இருக்கும். நான்தான் போட்டுவிட்டேன்!"

ஷட்டரை உதைத்த கால்கள் நின்றன. உள்ளே ஏதோ அசைந்தது. "ஆமா" என்றது குரல். "முன்னுக்குப் பின்னாவும் கெடக்கு."

கம்பி வைத்திருந்தவன்தான் முதலில் சிரித்தான். பிறகு நீலச் சட்டைக்காரர், பூக்காரம்மா, டீக்கடைக்காரர். நாயின் உடலுக்கும் உங்கள் ரத்தத்துக்கும் நடுவே நின்று அவ்வளவு பேரும் சிரித்தார்கள். கம்பி தாழ்ந்தது. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. அந்த இடைவெளியில் இரண்டு கைகள் பாப்பாவை வெளியே நீட்டின. நான் பாப்பாவை மட்டும்தான் பார்த்தேன். வாரி எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

தையல், ஊசிகள், தோளுக்குக் கட்டு. எனக்கும் ஊசிகள். நாய் விஷம் ஏறினவர்களுக்குத் தண்ணீர் இறங்காது என்கிற பயத்தில், அதன்பின் எத்தனையோ மாதம், நீங்கள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் கதவோரம் நின்று உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். "பாத்தியா, குடிச்சுட்டேன். குரைக்கல்ல" என்பீர்கள். தோளைத் தடவிக்கொண்டு, "எவனோ தன் நேர்த்திக்கடனை என் மேல தீர்த்துட்டான். பிள்ளையார் ஏத்துக்கிட்டாரோ என்னவோ" என்பீர்கள்.

உங்களால் நடக்க முடிந்ததும் லட்டுப் பெட்டியோடு அதே கோயில் தெருவுக்குப் போனோம். உங்கள் தோளை முறித்தது தான் எறிந்த காய் என்று எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஞான் அல்ல ஸ்வாமி, என் குறி தப்பாது" என்றார் நீலச் சட்டைக்காரர். பாத்திரக் கடையில் கேட்டோம். அங்கே பெருக்குகிறவளாம் அவள். சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாளாம். அன்று ஷட்டரை உடைக்க வந்த முகங்களை மறுநாளும் பார்த்துக்கொண்டு அங்கே பெருக்க அவளுக்கு மனம் வரவில்லையாம். நீங்கள் லட்டுப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில், தூக்கத்திலேயே, எந்தச் சத்தமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தீர்கள். உங்களுக்கு அப்படியொரு அமைதியான போக்கு கிடைத்ததில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

என்னிடம் மிஞ்சியது மணிக்கட்டுத் தழும்பு மட்டுமல்ல. பாப்பாவைக் காத்த அந்தத் துடைப்பக்காரியின் முகமும் எனக்குத் தெரியாது, பேரும் தெரியாது. அதனால் எல்லா முகமும் அவளாக இருக்கலாம் என்றாகிவிட்டது. முன்பெல்லாம் பஸ்ஸில் யாராவது இடித்தால் சண்டைக்கு நிற்பேன், உங்களுக்குத் தெரியும். போன வாரம் தம்பானூரில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஒரு பெண் முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டு முன்னே போய் இடம் பிடித்தாள். திட்டு வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் உட்கார்ந்தபடியே, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துக் கைகளை நீட்டினாள். "பிள்ளையை இங்க தா."

கொடுத்தேன். துடைக்க ஈரத் துணி எடுக்கவில்லை.

பாப்பா அவள் மடியில் வசதியாகச் சாய்ந்து, அவள் வளையல்களை உருட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

பஸ் இரைந்துகொண்டு கிளம்பியது. அவள் பேர் காதில் விழ வேண்டுமே என்று நான் குனிந்து காதைக் கொடுத்தேன், அப்பா.