ஆறு மாதக் கணக்கு

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில்தான் வந்து இறங்கினேன். கைப்பையைக் கட்டிலில் கொட்டி ஒழுங்கு செய்யும்போது பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். முத்திரை குத்த இரண்டே பக்கம் மிச்சம். முடியும் தேதி டிசம்பர் 11.

இன்னும் பத்து மாதம் கிடக்கிறது என்று வெளியாட்கள் சொல்வார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. ஆறு மாதமாவது செல்லுபடி இல்லாத புத்தகத்தைப் பாதி நாடுகள் மதிப்பதே கிடையாது. அப்படியென்றால் ஜூனிலேயே என் புத்தகத்துக்குப் பாதி உயிர் போய்விடும். புதுப்பிக்கக் கொடுத்தால் மூன்று நான்கு வாரம் வெறுங்கை. எந்த மாதத்தில் கொடுப்பது?

அடுத்த மாதம் பார்க்கலாம்.

பிப்ரவரி 23

நாத்தனாரின் தையல்கடை எங்கள் வீட்டின் முன்னறையிலேயே இருக்கிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாளாம். “எங்க அண்ணி பெட்டி தூக்கறாங்க” என்று இவள் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஏதோ ரயிலடிக் கூலி என்று நினைத்து என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனாள்.

பொய்யும் இல்லை. நர்ஸ் வேலையை விட்ட பிறகு தூக்குவது பெட்டிதான். இங்கே ஒருவர் எலும்பு மஜ்ஜை கொடுப்பார். அதை ஒரு பையில் அடைத்து, குளிர் மாறாத பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டு மருத்துவமனைக்குப் பறக்க வேண்டும். அங்கே ஒருவருக்கு மருந்து கொடுத்து, இருந்த மஜ்ஜை முழுவதையும் அழித்து வைத்திருப்பார்கள். பை போகாவிட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது. அவர் யார், ஆணா பெண்ணா, பிறகு பிழைத்தாரா, எதையும் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்பது விதி.

மார்ச் 9

ஆபீசில் என்னைப் போலவே பெட்டி தூக்கும் சுருட்டைமுடிக்காரன் (எங்களுக்குச் சுருட்டை) ஒன்றரை வருடம் மிச்சம் இருக்கும்போதே புத்தகத்தைப் புதுப்பித்துவிட்டானாம். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முடி மட்டும்தான் தைரியமாக நிற்கிறது, ஆள் பயந்தாங்கொள்ளி என்று ஆபீசில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஏப்ரல் 2

இந்த வாரம் கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். எங்கள் பயணங்களை ஒருங்கிணைக்கும் பெண் போன் செய்தாள். இரண்டு பேர் விடுப்பில் போய்விட்டார்களாம். “அக்கா, நீங்க இருக்கீங்கல்ல?” என்றாள். இருக்கிறேன் என்றேன்.

அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்றே காத்திருக்கிறேனோ?

மே 15, வியாழன்

நாத்தனாரிடம் இன்று நல்ல பாட்டு. கடையில் வாங்கும் மாவுப் பொட்டலத்தைக்கூடத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்து வாங்குகிறவள் நான். போன வாரம் இரண்டு நாள் தாண்டிவிட்டது என்று ஒரு பாட்டில் எண்ணெயைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள்.

“எண்ணெய்க்குப் பார்க்கறீங்க. உங்க புத்தகத்துக்கு மட்டும் கண்ணு தெரியாதா அண்ணி?”

தெரிகிறது. படமும் தெரிகிறது. அந்தப் படம் எடுத்த அன்று என் வீட்டுக்காரர் கேமராக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணை உருட்டிக் காட்டினார். சிரித்தால் படம் செல்லாது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பை அடக்கிய அந்த முகத்தை எத்தனையோ அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கும் விஷயம் தெரியாது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. புதுப் புத்தகத்துக்கு இப்போதைய முகம்தான் வேண்டும்.

இது காரணமா, சாக்கா? தெரியவில்லை. பழைய புத்தகத்தை மூலை வெட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், படம் எங்கும் போய்விடாது. அதுவும் தெரியும்.

ஜூன் 12

நேற்றோடு ஆறு மாதக் கோடு தாண்டியது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் அடிக்கடி போகும் நாடுகளில், தங்கும் நாள்வரை செல்லுபடியானால் போதும் என்கிறார்கள். நேர் விமானம், நடுவில் வேறு நாட்டில் இறங்கும் வேலை இல்லை. ஆகஸ்டில் வேலை குறையும், அப்போது நிம்மதியாகக் கொடுக்கலாம்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்கிறாள் நாத்தனார். இரண்டு காலும் விமானத்தில் என்றேன்.

ஜூன் 20

இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுதிவிடலாம், யார் படிக்கப் போகிறார்கள்.

புதுப் புத்தகம் பத்து வருடத்துக்குத் தருவார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு. முடியும் தேதியில் அறுபத்தெட்டு. அந்த வயது வரைக்கும் ஓடுவேனா? ஓட விடுவார்களா? இந்தப் புத்தகம் கையில் இருக்கிற வரைக்கும் அந்தக் கேள்வி எழாது.

ஜூலை 9

எப்படி எழுதுவது.

இங்கேயே நம்மூர் மருத்துவமனையில் காலையில் பெட்டியை வாங்கினேன். எல்லாம் சரி. விமான நிலையம் போனால் நேர் விமானம் ரத்து, ஏதோ இயந்திரக் கோளாறு. ஒருங்கிணைப்பாளப் பெண் உடனே வேறு வழி பிடித்தாள். நடுவில் ஒரு நாட்டில் இறங்கி, வெளியே வந்து, வேறு விமானம் ஏற வேண்டும். சரி என்று கவுண்டருக்குப் போனேன்.

அந்தப் பையன் புத்தகத்தை வாங்கினான். பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி புத்தகத்தைப் பார்த்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“அந்த நாட்டுக்குள்ள போக ஆறு மாசம் இருக்கணும்மா. உங்களுக்கு அஞ்சுதான் இருக்கு. ஏத்த முடியாது.”

பெட்டியைக் காட்டினேன். கடிதத்தைக் காட்டினேன். மேலதிகாரியைக் கூப்பிட்டான், அவரும் தன்மையாகத்தான் பேசினார். ஏற்றிவிட்டால் அங்கே இறங்கியதும் உங்களை நிறுத்திவைப்பார்கள், பெட்டியும் உங்களோடு நிற்கும், பரவாயில்லையா என்று கேட்டார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்த நியாயம்தான் தாங்க முடியவில்லை. ஐயோ, எனக்கு இது தெரியாதா? பிப்ரவரியிலேயே தெரியுமே! யாரோ ஒருத்தர் அங்க உடம்புல ஒண்ணுமே இல்லாம படுத்துக் கிடக்கறாங்க, நான் இங்க ஒரு தேதிக்காக நிக்கறேன் —

வேறு நேர் விமானம் நாளை மாலைதான். அதுவரை பொறுக்கலாமா என்று பெட்டி போய்ச் சேர வேண்டிய மருத்துவமனையைக் கேட்டார்கள். அவ்வளவு நேரம் தாமதித்தால் செல்கள் பலவீனமாகும், கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சுருட்டைக்குப் போன் போனது. அவனுக்கு இன்று விடுமுறை, மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தான். அங்கிருந்து அப்படியே வந்தான். காலில் வீட்டுச் செருப்பு. அவன் மனைவி பின்னாலேயே பாஸ்போர்ட்டும் பையும் கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். கவுண்டர் மூடுகிற நேரம். கையொப்பம் போட்டுப் பெட்டியை அவனிடம் கொடுத்தேன். அவன் புத்தகத்தில் ஒன்பது வருடத்துக்கு மேல் கிடக்கிறது. ஒரு நொடியில் சீட்டு கிடைத்தது.

“போயிட்டு வரேன் அக்கா” என்றான். ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருந்தால் தேவலை.

ஜூலை 10

சேர்ந்துவிட்டது. “பெட்டி கைமாறியாச்சு, வெப்பநிலை சரி.” அவ்வளவுதான் செய்தி.

ஜூலை 11

ஆபீசுக்குப் போனேன். திட்டுவார்கள் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். ஒருங்கிணைப்பாளப் பெண் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

“பெட்டி போயிடுச்சுக்கா, அது போதும். ஆனா புதுப் புத்தகம் வர்ற வரைக்கும் உங்க பேரை நான் போட முடியாது.” கொஞ்சம் தயங்கினாள். “இனிமே ஒரு வருஷத்துக்குக் கீழ போனா யாருக்குமே வேலை இல்லைன்னு மேல சொல்லிட்டாங்க.”

என் பெயரில் ஒரு விதி பிறந்துவிட்டது. பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அதைவிட ஒன்று உறுத்துகிறது. சுருட்டை போனான், சேர்த்தான், வந்தான். என்னைப் போலவேதான். நான் இல்லாவிட்டால் ஏதோ நின்றுவிடும் என்றல்லவா இத்தனை மாதமாக அந்த நான்கு வாரத்தைத் தள்ளிப்போட்டேன்?

ஜூலை 14, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

படம் எடுக்க நாத்தனார் கூட வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டோடு சண்டைக்குக் கிளம்பின மாதிரி இருக்கிறது என்றாள். இன்னொன்று எடுக்கச் சொன்னாள். அது சண்டையில் தோற்ற மாதிரி இருந்தது. முதலாவதையே கொடுத்தோம்.

ஜூலை 22

கடையில் உட்கார்ந்து தையல் பிரிக்கிறேன். எனக்குத் தைக்க வராது, பிரிக்க வரும். வெட்டும் நேரம் போக நாத்தனார் ரேடியோவோடு தர்க்கம் செய்துகொண்டே இருப்பாள் என்பது இந்த வீட்டில் இருபது வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது.

சுருட்டை வந்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு. அவன் முந்திக்கொண்டான்.

“அக்கா, நீங்க கவுண்டர்ல அழுததை நான் யார்கிட்டயும் சொல்லலை.”

“நான் எங்கடா அழுதேன்?”

“அதான், சொல்லலை.”

ஜூலை 30

மின்சாரம் போயிருந்த மத்தியானம். இயந்திரம் ஓடவில்லை, நாத்தனார் சும்மா உட்கார்ந்திருந்தாள். புத்தகம் வந்ததும் போய்விடுவீர்களா என்று கேட்டாள். பின்னே போகாமல் என்றேன். அவள் ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“போங்க. வேண்டாம்னு சொல்லலை. நீங்க ஆகாசத்துல இருக்கற அன்னிக்கெல்லாம் எனக்குத் தூக்கம் வராது. அண்ணன் போனப்புறம் வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேர்தானே. இந்த ரெண்டு வாரமாத்தான் நல்லா தூங்கறேன்.”

இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. நான் திரும்பி வரும்போதெல்லாம், வந்துட்டீங்களா, கேட்டைச் சாத்துங்க, என்பாள். அவ்வளவுதான் வரவேற்பு.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பொறுக்கினேன்.

ஆகஸ்ட் 6

யோசித்தேன். பத்து வருடத்துக்கும் சேர்த்து இன்றைக்கே பதில் சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் பத்து வருடம் திறந்திருக்கட்டும், நான் எப்போது நிறுத்துவது என்பதை அதில் அச்சடிக்க மாட்டார்கள். மாதத்துக்கு ஒரு பயணம் போதும் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். அந்தப் பெண், “ஒண்ணாவது வருவீங்கல்ல?” என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஆகஸ்ட் 19

வந்துவிட்டது. மொடமொடவென்று விறைப்பாக இருக்கிறது, திறந்தால் தானாக மூடிக்கொள்கிறது. பழையது மூலை வெட்டுப்பட்டுக் கூடவே வந்தது. அதை பீரோவில் அவருடைய புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நாத்தனார் புதியதைக் கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். முடியும் தேதியைத் தன் தையல்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். “பத்து வருஷத்துக்கு இந்தக் காலண்டர் இருக்குமா?” என்றேன். இருக்காது, ஆனால் தான் இருப்பாளாம்.

செப்டம்பர் 3, புதன்

விமான நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். இந்தமுறை அங்கே போய் வாங்கிவர வேண்டும். காலிப் பெட்டிதான் கூட இருக்கிறது. இறங்கியதும் நேரம் என்னவானாலும் போன் செய்ய வேண்டும் என்று நாத்தனாரின் உத்தரவு. செய்கிறேன் என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன்.

குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர் இளைஞர். புத்தகத்தைத் திறந்தார். பக்கங்களைப் புரட்டினார், எல்லாம் வெள்ளை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “முதல் தடவையா போறீங்களாம்மா?” என்று கேட்டார்.

பின்னால் வரிசை நீளமாக நின்றது. விளக்கலாம்தான்.

“ஆமாப்பா” என்றேன்.

முதல் பக்கத்தில் முத்திரையைக் கோணாமல் பார்த்துக் குத்தினார். “பயப்படாதீங்க, நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க” என்றார். நன்றி சொல்லிவிட்டு, அவர் சொன்ன வழியிலேயே வந்தேன்.