மஞ்சள் ஆனால் செத்தது

நவ. 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கொமுட்டர் ரயில் லேட். கிள்ளானிலிருந்து நின்றுகொண்டே வந்தேன்.

மீட்டிங். என் மூலக்கூறை விட்டுவிட வேண்டுமாம். ஆய்வகத் தலைவர் டாக்டரின் உத்தரவு. சோலார் செல்லின் கறுப்புப் படலத்துக்கு மேல் பூசி, மின்துளைகளை, அதாவது நேர்மின்னூட்டத்தை, வெளியே கடத்த நான் செய்தது. எல்லாரும் போடும் பூச்சில் மின்சாரம் கூடுதலாம். இருக்கட்டுமே. அதற்கு லித்தியம் உப்பு சேர்க்கணும். இந்த ஊர் ஈரத்தில் உப்பு என்ன ஆகும் என்று எங்கள் வீட்டு உப்பு டப்பாவைத் திறந்தாலே தெரியும். என்னுடையதற்கு உப்பே வேண்டாம்.

"ஈரமே படாத நைட்ரஜன் பெட்டிக்குள்ள எல்லாமே நல்லாத்தான் இருக்கும், டாக்டர். ரெண்டையும் வெளியே வைப்போம். வெள்ளிக்கிழமை பாருங்க."

"மஞ்சளாச்சுன்னா?"

"நானே விட்டுடறேன்."

வாய்க்கொழுப்பு. ஈரம் ஏறிக் கறுப்பு மஞ்சளானால் செல் செத்தது என்று அர்த்தம். இரண்டு வருஷ உழைப்பும் சேர்ந்து.

நவ. 4, செவ்வாய்
இரண்டு செல்லும் வராந்தா ஜன்னலோரம், திறந்தபடி. பக்கத்து மேசை டேனியல்: "உப்பில்லா சமையல் லா உன்னோடது." போடா.
வாங்க வேண்டியவை: கையுறை, செலோடேப், அம்மாவுக்குத் தைலம்.
அம்மா: "வெயில்ல கறுத்துட்டே. மஞ்சள் பூசிக் குளிடி." பூசவில்லை.

நவ. 6, வியாழன்
புழுக்கம். உப்பு போட்டது பாதி மஞ்சள்! என்னுடையது கறுப்பு. கிட்டே போகவே பயம்.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். எது என்னுடையது என்று எழுதவில்லை. மடச்சி நான். அம்மா மஞ்சளைச் சுற்றி வட்டம் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: "என் மகள் செஞ்ச சோலார். மங்களகரமா வந்திருக்கு." ரவாங் பெரியம்மா ஏழு கும்பிடு. காப்பார் மாமா வாழ்த்து. செத்ததுக்கு! சிரிப்பு, கூடவே அழுகை.

திருத்தவில்லை. நாளைக்கு என்னுடையதும் மஞ்சளாகிவிட்டால்?

நவ. 7, வெள்ளி
சாப்பிடாமலே ஓடினேன். டாக்டர் எனக்கு முன்பே வந்து ஜன்னலருகே நிற்கிறார். அளந்தோம். மஞ்சளில் ஒன்றுமே வரவில்லை. என்னுடையது செவ்வாயன்று வெளியே வைக்கும்போது தந்ததையே தருகிறது, கிட்டத்தட்ட.

"இன்னும் ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும்," என்றார். பாராட்டில்லை. வேண்டவும் வேண்டாம். விடச் சொல்லவில்லையே.

குழுவைத் திறந்து எழுதினேன்: "அந்த மஞ்சள் செத்துப்போச்சு. கறுப்பா இருக்கிறதுதான் என்னுது."

அம்மா: "கறுப்பா?"

"ஆமாம்மா. கறுப்புதான். மாறாது."