அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விட ஆள் தேடிய வாரம்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குடையைச் சர்ச்சிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. வழக்கம்தான்.

பெரிய செய்தி: எனக்குச் சபையில் பதவி! நலம் விசாரிப்புக் குழுச் செயலாளர். பழைய செயலாளர் மகனோடு பெங்களூர் போய்விட்டார். ஆராதனை முடிந்து கூட்டத்தில் போதகர், “யாராவது முன்வரலாம்” என்றார். அந்த நேரம் பார்த்து நான் ஃபேனைக் கூட்டச் சொல்லிக் கையைத் தூக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஃபேனைப் பற்றி யார் பேசுவது?

பத்தாம் கிளாஸை ஒரே தடவையில் தாண்டாதவன் செயலாளர். வீட்டில் மனைவி ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

பதவியோடு ஒட்டிக்கொண்டு வந்த வால் ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. சபையார் கொண்டுவரும் தேங்காய், வாழைக்குலை, கோழி எல்லாவற்றையும் ஏலம் விட்டு வருகிற பணம் நோயாளிகளுக்கும் கஷ்டப்படுகிறவர்களுக்கும். ஏலம் விடுவது எப்போதும் ஜெயராஜ் அண்ணாச்சி. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு முருங்கைக்காயை மூன்று குடும்பம் அடித்துக்கொண்டு கேட்கும்படி செய்வார். இந்த வருஷம் அவர் இல்லை. மழைக்காலம் தொடங்கினபோது அவர் மனைவி ஞானம் அக்காவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் போயிற்று. அன்றிலிருந்து இருவரும் சர்ச்சுக்கு வரவில்லை.

ஆகவே: ஒன்று, அண்ணாச்சியை வரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலாளரே ஏலம் விட வேண்டும். ஏலம் விட்டுப் பழக்கமே இல்லை. ஆனாலும் ஒரு குஷி.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில், பிறகு இடி. நான் வேலை பார்க்கும் ஹார்ட்வேர் கடையில் அரை நாள் லீவு. முதலாளி: “சாலைக் கடைத்தெருவுல பெயின்ட் விக்கவன் ஊரு நலத்தை விசாரிக்கப் போறானாக்கும். போயிட்டு வா.”

குழுவாக ஆறு பேர், அண்ணாச்சி வீட்டுக்கு, கரமனைக்கு. கொண்டு போனவை:
ஹார்லிக்ஸ் – 4 (யாரும் யாரிடமும் கேட்கவில்லை)
ஆப்பிள்
ரஸ்க்
நான் – வெறுங்கை. செயலாளர் அல்லவா.

ஒரு பாட்டு, ஒரு ஜெபம். ஜெபம் உலக சமாதானம் வரை போய்த் திரும்பியது. கண்ணைத் திறந்தால் அண்ணாச்சி அடுப்படியில், எங்களுக்கு டீ போட்டுக்கொண்டு. ஒருவருக்குச் சர்க்கரை கூடாது, தனி டீ. இன்னொருவருக்குப் பால் ஆகாது, கட்டன். நடுவில் உள்ளே கட்டிலிலிருந்து ஒரு முனகல். அண்ணாச்சி அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடினார், அக்காவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்தார், டீயை வடிகட்டினார். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து குடித்தோம். நல்ல டீ. அதுதான் வெட்கம். இரண்டாவது கிளாஸ் வாங்கினவன் நான்.

பண்டிகைக்கு வரச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டேன். வேறு ஆள் அக்காவோடு இருப்பார்கள் என்றேன். வேண்டாம் என்றார். சரி, அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

“அவளுக்கு ஆளுகளைக் கண்டா கூச்சமாக்கும். வாய் ஒரு பக்கம் கோடிப் போச்சில்லியா. என்னைய விட்டிரு தம்பி.”

வாசல் வரை வந்து வழியனுப்பினார். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தது. பதவியில் மூன்றாம் நாள், தோல்வி.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. ஏலப் பயிற்சி. கடையில் கூட்டம் குறைந்த நேரம் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் பிடித்து, “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று கத்தினேன். வந்த ஆள், “சேட்டா, அதில் விலை எழுதியிருக்கே” என்றார். முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் சீப்பை வைத்து மறுபடி. மகள் ஜெனி போனில் வீடியோ எடுத்து வாலிபர் சங்க குரூப்பில் போட்டுவிட்டாள். “அப்பா, ஓவராக்கல்லே. ப்ளீஸ்.” ஓவராகப் போக வேண்டாமாம். தொண்டை கட்டிவிட்டது. சுக்கு காப்பி.

சாப்பிடும்போது ஸ்டெ. டீ கதையைக் கேட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஞானம் அக்கா என்ன சொன்னாங்க என்று கேட்டாள். அக்காவுக்குத்தான் பேச்சு இல்லையே என்றேன். என்னைப் பார்த்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி கரமனை. நானும் ஸ்டெ.யும் மட்டும். பிளாஸ்கில் டீ நாங்களே கொண்டு போனோம். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது, விருந்தாளி டீ கொண்டு வருவதா என்று. ஸ்டெ. அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்துவிட்டு நேரே உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“யக்கா, ஞாயித்துக்கிழமை பண்டிகை. வாறியளா?”

அவ்வளவுதான் கேட்டாள். பாட்டில்லை, ஜெபமில்லை.

அக்கா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி பீரோவைக் காட்டினார். மாத்திரையாக இருக்கும் என்று அண்ணாச்சி எழுந்தார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார், மறுபடி பீரோ. ஸ்டெ. திறந்தாள். உள்ளே சேலைகள். பச்சையை எடுத்துக் காட்டினாள், இல்லை. மஞ்சள், இல்லை. கரைபோட்ட நீலம். கை அப்படியே கீழே இறங்கியது. கண்ணில் ஒரு பளபளப்பு.

நான் வாசல்நிலையில். அண்ணாச்சி என் பக்கத்தில், கையில் டீ ஆறிக்கொண்டு.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே இவ,” என்றார்.

“நீங்க கேட்டியளா அண்ணாச்சி?” என்றாள் ஸ்டெ. சண்டை மாதிரி இல்லை, மெதுவாகத்தான்.

அவர் டீ கிளாஸை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டார். எனக்கும் சுருக்கென்றது. செவ்வாய்க்கிழமை ஆறு பேர் போனோம். அத்தனை பேரும் அண்ணாச்சியைத்தான் கேட்டோம்.

வருகிறார்கள்! இரண்டு பேரும்! பஸ்ஸில் வரும்போது நான் வாய் ஓயவில்லையாம். ஸ்டெ. சொன்னாள்.

நவம்பர் 7, வெள்ளி

வேலைகள்:
– வீல் சேர். சர்ச் ஸ்டோரில் ஒன்று இருப்பதாகக் கேள்வி.
– படிக்கட்டு. சேரை எப்படி ஏற்றுவது?
– வண்டி. கடையின் கூட்ஸ் ஆட்டோ வேண்டாம், ஸ்டெ. திட்டுவாள். குழுவில் ஒருவர் கார் தருகிறார்.
– குடை. மறக்காதே.

வீல் சேர் கிடைத்தது. யாரோ புண்ணியவான் கொடுத்தது. இத்தனை நாளும் அதில் அசன விருந்தின் சோற்று வட்டாவை வைத்துத் தள்ளியிருக்கிறோம். சீட்டில் காய்ந்த சாம்பார், மேலே கிறிஸ்மஸ் ஸ்டார்கள். கழுவித் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, ஜெனியை உட்காரவைத்து முற்றத்தில் ஒரு ஓட்டம். பிரேக் சரியில்லை என்று ரோஜாச் செடிக்குள் போனபோது தெரிந்தது. சரிசெய்தேன். என் தொழில் சாமான் அல்லவா, அங்கே மட்டும் நான் புலி. படிக்குச் சரிவாகப் போட கடையிலிருந்து கனத்த பிளைவுட். கேட்டதும் முதலாளி கொடுத்தார். நெற்றியில் திருநீறோடு நின்று, “வழுக்காம இருக்க மேலே சாக்கு விரி” என்று யோசனையும் சொன்னார்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமில்லாத வானம், நல்ல வெயில். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

நீலச் சேலையில் அக்கா. தலையில் பிச்சிப்பூ. ஸ்டெ.தான் கட்டிவிட்டாள். காலை ஆராதனை முழுக்க அக்கா கீழேயே பார்த்தார். வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். யாரும் போய்ச் சூழ்ந்து நிற்கக் கூடாது என்று ஸ்டெ. முன்னமே எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

ஏலம். அண்ணாச்சி மேடையில். முதல் தேங்காய்க்குத் தொண்டை எழும்பவில்லை. இரண்டாவதில் பழைய கண்டக்டர் வந்துவிட்டார். “கேறு, கேறு, உள்ள எடம் கெடக்கு! பின்னால நிக்க ஆளு என்ன, டிக்கெட் எடுக்காம எறங்கப் போறியா?” பின்னால் நின்ற ஆள் நான். ஒரு பூசணிக்காய் என் தலையில்.

அடுத்து எங்கள் வீட்டுச் சேவல். கால் கட்டியிருந்தும் கூவியது. இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அப்போது வீல் சேரிலிருந்து ஒரு கை. இடது கை. நேராக மேலே.

ஹால் முழுக்கத் தலைகள் திரும்பின. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாவம், அக்காவுக்கே போகட்டும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா சுற்றிலும் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. கோபம்.

“ஏன், எனக்கும் சேவல் வேணும்,” என்று ஸ்டெ. கையைத் தூக்கினாள். எங்கள் சேவலை எங்கள் வீட்டுப் பணத்திலேயே!

அக்கா கை மறுபடி. ஸ்டெ. மறுபடி. முந்தானை நழுவியதை அக்கா கவனிக்கவில்லை. முன்வரிசைப் பெண்களும் புகுந்தார்கள். அக்கா யாருக்கும் விடவில்லை. கடைசியில் ஸ்டெ. தோற்றுக் கையை இறக்கினாள். நடிப்பில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் இறக்கினாள்.

“ஒரு தரம்,” என்றார் அண்ணாச்சி. “ரெண்டு தரம்.” அதோடு நின்றுவிட்டார்.  மைக்கில் மூச்சு மட்டும். சேவலும் சும்மா இருந்தது.

அக்கா இடது கையால் வீல் சேர் பிடியில் தட்டினார். பொறுமையில்லாமல் மறுபடி தட்டினார்.

“மூணு தரம்,” என்றார் அண்ணாச்சி. “சேவல் எங்க வீட்டுக்கு. இனி அதையும் நான்தான் பாக்கணும் போலிருக்கு.”

அக்கா சிரித்தார். கோணலாக, எல்லோருக்கும் தெரியும்படி.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி தூறல். குடை சர்ச்சில்.

காலையிலேயே அண்ணாச்சி போன். சேவல் விடியுமுன் கூவி அக்கம்பக்கம் எழுந்துவிட்டதாம், அக்காவுக்கு ஒரே சிரிப்பாம். கூடு வேண்டுமாம். அவராக ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை.

கடையிலிருந்து எடுக்க: கம்பி வலை, ஆணி, கீல், கொண்டி.

சாயங்காலம் நான் கரமனைக்கு, கூடு அடிக்க. புதன் முன்வரிசைப் பெண்களில் இருவர், சேவலைப் பார்க்கவாம். வெள்ளி ஸ்டெ. டீ அவரவர் பிளாஸ்கில்.